உங்கள் கவசம் எந்தக் குழியிலிருந்து வந்தது?

விஸ்பி நகரத்தின் மத்தியகால வாரத்துக்கு வேடம் கட்டி வரும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே,

வருடத்தின் 32ஆவது வாரம் நெருங்கினால் உங்கள் வீடுகளில் என்ன அமர்க்களம் நடக்கும் என்று எனக்குத் தெரியும். பரணிலிருந்து மரப்பெட்டி இறங்கும். போன ஆகஸ்டு மழையில் துருப்பிடித்த வளையச் சட்டையை மணலோடு சேர்த்துப் பீப்பாயில் போட்டு, பிள்ளைகளை விட்டு முற்றத்தில் உருட்டச் சொல்வீர்கள். கம்பளிக் காலுறை முட்டியில் கிழிந்திருக்கும்; லினன் நூலில் மெழுகு தடவிக்கொண்டு தைக்க உட்காருவீர்கள். தையல் மிஷின் பக்கத்து அறையில்தான் இருக்கும், தொட்டால் குழுவில் மானம் போய்விடும். பிறகு கூடாரக் கம்புகளைக் கார் கூரையில் கட்டிக்கொண்டு நீனெஸ்ஹாம்ன் துறைமுகத்தில் கப்பலுக்கு வரிசை. பால்டிக் கடலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் கோத்லாந்துத் தீவு, அதன் மேற்குக் கரையில் மதில் சூழ்ந்த விஸ்பி.

நான் ஸ்வீடனுக்குப் பிழைக்க வந்த தமிழச்சி. உங்கள் கூடாரங்களில் ஒன்றில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பவள். இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் வேறொன்றுமில்லை, ஸ்வீடிஷில் எழுதினால் மரியாதைக்காகப் பாதியை விழுங்கிவிடுவேன். மொழிபெயர்த்துச் சொல்வதற்கு உங்கள் குழுக்களில் ஆள் இருக்கிறது. இங்கே வாசிக்கிற தமிழர்களுக்கும் நீங்கள் யார் என்று தெரியட்டும்.

வேடம் கட்டுவதை வேலையற்றவர்களின் வேலை என்று இளக்காரம் பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஒற்றைத் தோல் அடிப்பாகம் கொண்ட செருப்பில் கூழாங்கல் தெருவில் நடந்தால் குதிகாலை முதலில் ஊன்ற முடியாது, முன்பாதம்தான் முதலில் இறங்க வேண்டும் என்பதை எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லவில்லை, உங்களோடு நடந்தபோதுதான் தெரிந்தது. இரும்புத் தகட்டுச் சட்டையை இடுப்பில் இறுக்கிக் கட்டினால் தோளின் பாரம் பாதியாகக் குறைகிறது என்பதும் அப்படித்தான். 1984இல் தொடங்கிய இந்த வாரம் இன்று பல்லாயிரம் பேரை இழுக்கிறது என்றால், அதில் சந்தைக்காரர்களின் பங்கைவிட உங்கள் பங்கு பெரியது.

அதனால்தான் இந்த விஷயத்தை உங்களிடம் பேசுகிறேன். ஐஸ்கிரீம் வாங்க வந்த சுற்றுலாப் பயணியிடம் பேசிப் பயனில்லை.

நீங்கள் போட்டிருக்கும் உடுப்பைப் பார்ப்போம். தோளில் விழும் நீண்ட வால் வைத்த கம்பளி முக்காடு, உங்கள் முகாமில் பாதிப் பேர் தலையில் இருக்கும். அதன் வெட்டு எங்கிருந்து கிடைத்தது? 1936இல் ஸ்வீடனின் மேற்குக் கரையில் வார்பெரி ஊருக்கு அருகே ஒரு சேற்று நிலத்தில் கிடைத்த உடலிலிருந்து. 14ஆம் நூற்றாண்டு மனிதன். போக்ஸ்டென் மனிதன் என்று பெயர் வைத்து வார்பெரி கோட்டை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அவனைக் கொன்று, சேற்றிலிருந்து எழுந்து வரக்கூடாது என்பதுபோல் மரக்கழிகளை உடலில் அறைந்திருந்தார்கள். சேறு துணியைக் காப்பாற்றியது. மேலாடை, போர்வை, முக்காடு, காலுறை என்று ஏறக்குறைய முழு உடுப்பு. அந்தக் கொலையில்லாமல் உங்களுக்கு அந்த முக்காடு இல்லை.

பெண்கள் போடும் பல துண்டு சேர்த்துத் தைத்த நீண்ட கவுன் கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் இடுகாட்டிலிருந்து வந்தது. அங்கே சவப்பெட்டிக்கு மரம் போதாமல் பலரை அவர்கள் உடுத்திய துணியிலேயே சுற்றிப் புதைத்தார்கள். உறைந்த மண் துணியை வைத்திருந்தது. 1921இல் டென்மார்க்கின் பௌல் நோர்லுண்ட் தோண்டி எடுத்தார். அதன் வரைபடத்தைப் பார்த்துத்தான் நானும் அக்குளுக்குக் கீழே முக்கோணத் துண்டு வைக்கக் கற்றுக்கொண்டேன்.

ஆண்கள் நெஞ்சில் கட்டும் தகட்டுச் சட்டை? அதற்காக எங்கும் போக வேண்டியதில்லை. நீங்கள் கூடாரம் அடிக்கிற இதே ஊரின் மதிலுக்கு வெளியே கிடந்தது.

கதை உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், இங்கே புதிதாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1361 ஜூலையில் டென்மார்க் அரசன் நான்காம் வால்டெமார், அட்டெர்டாக் என்று பட்டப்பெயர் பெற்றவன், கோத்லாந்தில் படை இறக்கினான். தீவு பெயரளவுக்கு ஸ்வீடனுக்குச் சொந்தம், நடைமுறையில் தன் பாட்டுக்கு இருந்த தீவு. ஸ்வீடன் அரசனின் படை எதுவும் காப்பாற்ற வரவில்லை. கிராமத்து விவசாயிகள் தாங்களே திரண்டார்கள். மெஸ்டர்பி பக்கம் சதுப்பு நிலத்தில் தடுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. ஜூலை 27, செவ்வாய்க்கிழமை, விஸ்பி மதிலுக்கு வெளியே கடைசிச் சண்டை. எதிரே நின்றது போரே தொழிலாகக் கொண்ட படை, அதில் ஜெர்மானியக் கூலிப்படையினரும் உண்டு. இந்தப் பக்கம் ஏர் பிடித்தவர்கள். விவசாயிகளில் 1,800 பேர் செத்தார்கள் என்று அந்த ஊர்த் துறவிகளின் குறிப்பு சொல்கிறது. இரண்டே நாளில், 29ஆம் தேதி, நகரத்தின் உரிமைகளை உறுதிசெய்து வால்டெமார் பத்திரம் கொடுத்துவிட்டான். நகரம் அதற்குள் பணிந்துவிட்டது.

நகரத்தார் கதவைச் சாத்திக்கொண்டு மதில் மேலிருந்து பார்த்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அன்று சரியாக என்ன நடந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. ஆனால் அந்த மதில் எதற்காக எழுந்தது என்பதை மறந்துவிட்டு அந்தக் கதையைக் கேட்கக் கூடாது. சுமார் 3.4 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுண்ணாம்புக்கல் மதில், 13ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1288இல் விஸ்பி வணிகர்களுக்கும் தீவின் கிராமத்தாருக்கும் நடந்தது உள்நாட்டுப் போரேதான். அரசன் மாக்னுஸ் லாதுலோஸ் தலையிட்டுத்தான் ஓய்ந்தது. கடல் வணிகத்தில் முன்பு கொடி கட்டிப் பறந்தவர்கள் கிராமத்துக் கோத்லாந்தியர். ரஷ்யாவின் நோவ்கோரோத் நகரில் அவர்களுக்குத் தனி வணிகக் கூடமே இருந்தது. பிறகு ஜெர்மானிய வணிகர்கள் விஸ்பியில் வலுத்தார்கள், ஹான்சா வணிகக் கூட்டணி வளர்ந்தது, கிராமத்தார் ஓரங்கட்டப்பட்டார்கள். மதில் கடற்கொள்ளைக்காரனுக்கு மட்டும் எதிராக நிற்கவில்லை, தீவின் சொந்த விவசாயிக்கும் எதிராக நின்றது. 1361இல் அந்த மதிலுக்கு வெளியே யார் செத்தார்கள், உள்ளே யார் இருந்தார்கள் என்பதை 73 வருடம் பின்னோக்கிப் பார்த்தால்தான் புரியும்.

அந்த விவசாயிகளைப் பரம ஏழைகள் என்று நினைத்து உச்சுக்கொட்ட வேண்டாம். இந்தச் சிறிய தீவில் 92 மத்தியகாலக் கல் தேவாலயங்கள் இன்றும் நிற்கின்றன. வைக்கிங் காலத்து வெள்ளிப் புதையல் 700க்கும் மேல் கிடைத்திருக்கிறது. 1999இல் ஸ்பில்லிங்ஸ் பண்ணையில் கிடைத்த ஒன்று மட்டும் 67 கிலோ வெள்ளி, 14,000க்கும் மேற்பட்ட நாணயங்கள், பெரும்பாலானவை அரபு திர்ஹம். (சந்தையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்தில் இங்கே உங்களைப் போன்றவர்கள் இருந்திருக்க மாட்டார்களே?" என்று கரிசனத்தோடு கேட்பவர்களை நான் நேராக அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைக்கிறேன். நாணயம் அப்பாசியக் கலீபாக்களின் அச்சுக்கூடத்திலிருந்து இந்தத் தீவு வரை வந்திருக்கும்போது மனிதர்கள் மட்டும் நடுவழியிலேயே நின்றிருப்பார்களா என்ற கேள்வியோடு. அவர்கள் பெரும்பாலும் கேள்வியை மறந்துவிட்டுக் கடை வாசலில் அரிசிக் கஞ்சியும் குங்குமப்பூவும் சேர்த்துச் சுடும் கோத்லாந்துப் பணியாரத்தில் ஆழ்ந்துவிடுவார்கள். அதையும் குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் இருக்கும்.)

சரி, குழிக்கு வருகிறேன்.

கோடை வெயில், நூற்றுக்கணக்கான பிணங்கள். வென்றவர்கள் இரும்பை உருவிக்கொள்வதுதான் அந்தக் கால வழக்கம், இரும்பு விலை உயர்ந்தது. இங்கே பலரை உருவாமலே குழியில் தள்ளினார்கள். உடல்கள் அழுகத் தொடங்கியதால் எவரும் கை வைக்கத் துணியவில்லை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். மதிலுக்குத் தென்கிழக்கே, சோல்பெரியா என்ற கன்னியர் மடத்தை ஒட்டிய நிலத்தில் குழிகள். கோர்ஸ்பெத்னிங்கன் என்பது அந்த இடத்தின் பெயர். அங்கே ஒரு கல் சிலுவை நிறுத்தி, எந்த வருடம், எந்தக் கிழமை, எந்த நகரத்து வாசலுக்கு முன்னால் விழுந்தார்கள் என்று லத்தீனில் வெட்டி, இவர்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நம் ஊர் நடுகல்லில் இருப்பதைப் போல ஒரு பெயர்கூட அதில் இல்லை.

1905இல் தொல்லியலாளர் வென்னர்ஸ்டென் முதல் குழியைத் தோண்டினார். 1930 வரை விட்டு விட்டு வேலை நடந்தது. பெங்ட் தோர்டெமானும் அவரோடு வேலை செய்தவர்களும் எண்ணியது 1,185 பேர். அவர்களோடு 25 தகட்டுச் சட்டைகள், ஏறக்குறைய இருநூறு வளையத் தலைமூடிகள், இரும்புக் கையுறைகள். சட்டையின் துணியும் தோலும் மக்கிப் போய்விட்டன. மிஞ்சியது துருவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட தகட்டுக் குவியல். எந்தத் தகட்டுக்கு மேல் எந்தத் தகடு, எத்தனை ரிவெட், வார் எங்கே கட்டியிருந்தது என்று ஒவ்வொன்றாக வரைந்து, எடுத்து, மீண்டும் அடுக்கி, 1939–40இல் இரண்டு தொகுதிப் புத்தகமாகப் போட்டார் தோர்டெமான். ஒவ்வொரு சட்டைக்கும் எண் உண்டு. உலகத்தில் எந்த மூலையில் எந்தக் கவசக்காரர் 14ஆம் நூற்றாண்டுத் தகட்டுச் சட்டை செய்தாலும் பெரும்பாலும் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் செய்கிறார். சிலவற்றில் ஒருசில பெரிய தகடுகள். சிலவற்றில் நூற்றுக்கணக்கான சின்னத் தகடுகள். கடைசி எண்ணுள்ளது தோல்வாரில் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்த கீழைநாட்டுப் பாணி, அது எப்படி இந்தத் தீவில் ஒருவர் நெஞ்சுக்கு வந்தது என்பது இன்றும் பேச்சுக்கு நல்ல விஷயம்.

உங்கள் கவசக்காரர் அந்த எண்ணைச் சொல்லித்தான் உங்களுக்கு விற்கிறார். "நான் ஏழாம் எண் போட்டிருக்கிறேன்", "என்னுடையது ஐந்து" என்று பெருமையாகப் பேசுகிறீர்கள். சட்டையில் வார்ப்பூட்டு எந்தப் பக்கம் வரவேண்டும் என்று இரவு நெருப்புக்குப் பக்கத்தில் இரண்டு பேர் கிட்டத்தட்ட அடித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுத்தம் பார்க்கிற நீங்கள் அந்த எண்ணுக்குள் ஒரு ஆள் இருந்தார் என்பதை மட்டும் சொல்வதே இல்லை. சட்டையின் பின்பக்க ரிவெட்டை எண்ணத் தெரிந்தவர்களுக்கு அதன் சொந்தக்காரர் எப்படிச் செத்தார் என்பது ஏன் தேவையில்லாமல் போகிறது?

இன்னொன்று, கொஞ்சம் வேடிக்கையானது. உங்களில் பலர் இந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு பணக்கார வீரராக உலா வருகிறீர்கள். இடுப்பில் வெள்ளிப் பட்டை, கையில் குலச்சின்னக் கேடயம், பின்னால் குதிரை வேறு. 1361இலேயே அந்தச் சட்டைகளில் பலவும் பல வருடம் பழையவை. குதிரைப் பிரபு தூக்கிப்போட்ட பாணியை விவசாயி வீட்டில் வைத்திருந்தான். நீங்கள் பிரபு வேடத்தில் போட்டிருப்பது அவன் உடுப்பு. எல்லோரும் கோத்லாந்தியர் என்றும் சொல்ல முடியாது. குழியில் கிடைத்த ஒரு பட்டையில் ஃப்ரீஸ்லாந்தின் ரூர்டா குடும்பச் சின்னம் இருந்ததாகத் தோர்டெமான் கண்டார். டேனியப் படையோடு வந்து செத்தவராக இருக்கலாம். கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் ஒரே குழியில் கிடந்திருக்கிறார்கள். இத்தனையும் உங்கள் முகாமில் பேச்சுக்கு வராதது எனக்கு ஆச்சரியம்தான்.

எலும்புகளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அவற்றை ஆராய்ந்தவர் உடற்கூறு அறிஞர் போ இங்கெல்மார்க். வெட்டுக்காயங்களில் மிகப் பெரும் பங்கு முழங்காலுக்குக் கீழே, கணைக்கால் எலும்பில். உடலுக்குத் தகடு இருந்தது, தலைக்கு வளைய மூடி இருந்தது, கேடயம் நெஞ்சை மறைத்தது. கீழே ஒன்றுமில்லை. தேர்ந்த படைவீரன் அங்கேதான் வெட்டினான். ஒருவருக்கு இரண்டு கணைக்கால்களும் ஒரே வீச்சில் போயிருக்கின்றன. விழுந்த பிறகு தலையில். மண்டையோடுகளில் குறுக்குவில் அம்பின் முனைகள் அப்படியே செருகிக் கிடந்தன. செத்தவர்களில் பையன்கள் இருந்தார்கள், முதியவர்கள் இருந்தார்கள், பழைய நோயால் நடக்கவே சிரமப்பட்டிருக்கக் கூடியவர்களும் இருந்தார்கள். கையில் எதையாவது பிடிக்க முடிந்த எல்லோரும் வந்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் சண்டை விதியைப் பார்ப்போம். 1966இல் கலிபோர்னியாவில் தோன்றிய சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம் அமைப்புக்கு இந்தத் தீவிலும் ஸ்டைரிங்ஹெய்ம் என்ற பெயரில் கிளை உண்டு. அதன் பிரம்புச் சண்டையில் முழங்காலுக்குக் கீழே அடிக்கக் கூடாது. தொடையில் அடி விழுந்தால் மண்டியிட்டு உட்கார்ந்து சண்டையைத் தொடரலாம். இரும்பு வாளோடு ஆடும் வேறு குழுக்களுக்கு வேறு விதிகள், பலவற்றில் முகத்தில் குத்தக் கூடாது. விதிகள் சரியானவைதான். மருத்துவமனைக்கு ஆள் அனுப்பாமல் விளையாட வேறு வழி கிடையாது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: குழியில் கிடப்பவர்கள் பெரும்பாலும் எங்கே வெட்டுப்பட்டார்களோ அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு நாம் ஆடுகிறோம். வேலிக்கு அப்பால் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும் அப்பாவுக்கு இது தெரியாது. 14ஆம் நூற்றாண்டுச் சண்டை என்றால் இரண்டு தடியர்கள் கேடயத்தை மோதிக்கொண்டு, முடிந்ததும் கை குலுக்குவது என்று அவர் நினைத்துக்கொண்டு போகிறார். ஒலிபெருக்கியில் பேசுகிறவர் அரை நிமிடம் ஒதுக்கி, "நாங்கள் கணைக்காலில் அடிப்பதில்லை, இந்த ஊர் மதிலுக்கு வெளியே அடித்தார்கள்" என்று சொன்னால் போதும். அதற்கு மேல் ரத்தச் சாயம் எதுவும் வேண்டாம்.

படுகொலையை நடித்துக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சென்ற கோடையில் இந்தப் பேச்சை எடுத்தவுடன் ஒருவர் கண்களில் திட்டம் மின்னியதைப் பார்த்தேன். நூறு பேரை வரிசையாக விழவைத்து, மேலே ட்ரோன் கேமரா விட்டு எடுக்கலாம் என்றார். வேண்டாம். போரின் 650ஆம் ஆண்டில், 2011இல், பல நாட்டுக் குழுக்கள் இங்கே கூடியபோதே நாம் பெரிய சண்டைகளைப் பார்த்தாகிவிட்டது. செத்தவன் எழுந்து, தலைக்கவசத்தைக் கழற்றி, பீர் கேட்கிற நாடகத்தில் இந்த விஷயத்தைச் சொல்ல முடியாது. அதிலும் கணைக்கால் வெட்டைக் காட்ட முடியாது என்று ஆன பிறகு.

விவசாயி வேடத்துக்கு ஆள் கிடைக்காது என்பது எனக்குத் தெரிந்ததே. தாடி வைத்த, ஜிம்முக்குப் போகிற, முப்பது வயது ஆண்கள் எல்லோரும் ஜெர்மானியக் கூலிப்படை வேடம்தான் கேட்கிறார்கள், அதற்குத்தான் நல்ல கவசம். அதற்குப் பதிலாக உங்கள் அப்பாவைக் கூட்டிவாருங்கள். பதினாறு வயதுப் பையனை, முட்டி வலிக்கிற மாமாவை, வரிசையில் முன்னால் நிறுத்துங்கள். சண்டை வேண்டாம், வெறுமனே நிற்கட்டும். கையில் கோடாரி, சில பேர் தலையில் வளைய மூடி, பலர் தலையில் கம்பளித் தொப்பி. மதில் பின்னால் தெரியட்டும். அந்த வரிசையைப் பார்த்தாலே 1361 ஜூலையில் எப்படி இருந்திருக்கும் என்று ஜனங்களுக்குப் புரிந்துவிடும்.

"விழாவுக்கு வந்த இடத்தில் எதற்கு எழவு?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் விழாவே எழவின் மேல்தான் நடக்கிறது. விஸ்பியை நினைத்தால் ஸ்வீடிஷ்காரர் மனதில் வரும் படம், ஹெல்குவிஸ்ட் 1882இல் வரைந்த அந்தப் பெரிய ஓவியம்: சதுக்கத்தில் சிம்மாசனத்தில் வால்டெமார், மூன்று பெரிய மரத்தொட்டிகளில் நகரத்தார் தங்கள் பொன்னையும் வெள்ளியையும் கொட்டுவது. மூன்று தொட்டிக் கதை உண்மையா என்பதே சந்தேகம். அது இருக்கட்டும். அந்த ஓவியத்தில் அழுகிறவர்கள் பணம் இழந்த நகரத்தார். உயிர் இழந்த விவசாயி சட்டத்துக்கு வெளியே கிடக்கிறான். ஓவியர் பட்டுத்துணிக்கும் வெல்வெட்டுக்கும் கொடுத்த அக்கறையை நாமும் நூறு வருடத்துக்கு மேலாகப் பின்பற்றிக்கொண்டிருக்கிறோம். பெண்ணைச் சுவரில் உயிரோடு வைத்துக் கட்டிய கன்னிக் கோபுரத்துக் கதையை வழிகாட்டி ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொல்கிறார். குழிக்கு யாரையும் கூட்டிக்கொண்டு போவதில்லை.

கோத்லாந்து அருங்காட்சியகத்தில் ஒரு மண்டையோடு இருக்கிறது. வளைய மூடி துருப்பிடித்து எலும்போடு ஒன்றாகிவிட்டது. முகம் இருந்த வட்டம் மட்டும் திறந்திருக்கிறது, பற்கள் தெரிகின்றன. உங்களில் பலருக்கு அந்தப் புகைப்படம் கைபேசியில் இருக்கும், வளையம் எப்படிப் பின்னியிருக்கிறது என்று பார்க்க. ஸ்டாக்ஹோம் வரலாற்று அருங்காட்சியகத்திலும் இந்தக் குழிகளிலிருந்து எடுத்த எலும்புகளும் கவசங்களும் உண்டு. எலும்பைக் கண்ணாடிக்குள் வைத்து டிக்கெட் போடுவது சரியா, மறுபடி புதைத்துவிட வேண்டுமா என்ற கேள்வி அங்கே வேலை செய்கிறவர்களுக்கு எப்போதும் உண்டு. எனக்கு அதில் தீர்மானமான அபிப்பிராயம் கிடையாது. ஆனால் அந்த வளைய மூடியைப் பார்த்து ஒன்று பின்னி, அதைப் போட்டுக்கொண்டு சந்தையில் நிற்கிறவர்களுக்கு, புதைத்தவர்கள் கல்லில் வெட்டிவைத்த வேண்டுகோளைப் படித்துப் பார்க்கிற கடமையாவது இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆகவே என் யோசனை இது. போர் நடந்தது செவ்வாய்க்கிழமை. நம் வாரத்திலும் ஒரு செவ்வாய் வருகிறது. அன்று காலை, சந்தை திறப்பதற்கு முன், தெற்கு வாசலில் கூடி, சிலுவை வரை நடப்போம். மதிலிலிருந்து காலாற நடக்கிற தூரம்தான். கொடி, முரசு, சொற்பொழிவு ஒன்றும் வேண்டாம், குதிரையும் வேண்டாம். கூலிப்படை வேடக்காரர்களும் வரலாம், ரூர்டா குடும்பத்தார் ஒருவரும் அங்கே கிடக்கிறாரே. தகட்டுச் சட்டை வைத்திருப்பவர்கள் அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள், உங்கள் சட்டையின் எண் என்ன என்று வருமுன் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே ஒவ்வொருவரும் தன் எண்ணை மட்டும் சொல்லட்டும். பெயர் தெரியாதவர்களைக் கூப்பிட நம்மிடம் இருப்பது அந்த எண் ஒன்றுதான். என்னைப் போலக் கவசம் இல்லாதவர்கள் சும்மா நிற்போம்.

கவசக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் விற்கும் சட்டையோடு ஒரு சிறு சீட்டைக் கட்டிக் கொடுங்கள்: இது எந்த எண்ணின் நகல், எந்த ஊர்க் குழி, எந்த வருடம். ஜெர்மனியிலும் போலந்திலும் அமெரிக்காவிலும் வாங்குகிறவர்களில் பலர் "விஸ்பி" என்பது ஒரு மாடலின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஆல்ப்ரெக்ட்ஸ் பொஸ்சோர் மாதிரி அந்தக் காலத்தையே எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் வேலை செய்கிற குழுக்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. நீங்கள் முன்னால் நடந்தால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்பதுதான் என் கணக்கு. அனுமதி வாங்க வேண்டியிருக்குமா, வாசலில் எத்தனை மணிக்கு நிற்பது என்பதையெல்லாம் முதல் நாள் மாலை என் குழுவின் கூடாரத்தில் பேசிக்கொள்ளலாம். சந்தை திறப்பதற்குள் எல்லோரும் கடைக்குத் திரும்பிவிட வேண்டும், வியாபாரம் கெட்டால் அடுத்த வருடம் யாரும் வர மாட்டார்கள். ரொட்டியும் காப்பியும் நான் கொண்டுவருகிறேன். 14ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனில் காப்பி கிடையாது என்று யாராவது ஆரம்பித்தால், அவர்களுக்கு மட்டும் வெந்நீர்.

இப்படிக்கு,
உங்கள் கூடாரத்துத் தையல்காரி